பழைய கான்கிரீட் மேலேயே பேவர் பிளாக்: நாலரை வருஷம் புழங்கிய பிறகு

கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். தோட்டத்து வீட்டை ஒட்டி 2011-ல் ஒரு சின்ன நீச்சல் குளம் கட்டினோம். 32 அடி நீளம், 14 அடி அகலம். சுற்றிலும் எட்டடி அகலத்துக்கு நாலு இஞ்சு கான்கிரீட் தளம், குளத்து விளிம்பில் கடப்பா கல். பத்து வருஷத்தில் தளத்தின் மேல்பூச்சு பொரிந்து சல்லி வெளியே தெரிய ஆரம்பித்தது. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் கால் தேய்ந்து அழுவார்கள். கடப்பா கல்லில் ஈரம் பட்டால் வழுக்கும். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற நிலை.

முதலில் வந்து பார்த்த காண்டிராக்டர் முழுவதையும் உடைக்கச் சொன்னார். சுமார் ஆயிரம் சதுர அடித் தளம், நாலு இஞ்சு கனம். இடித்தால் இருபது டன்னுக்கு மேல் இடிசல் வரும். அதை அள்ளி டிராக்டரில் ஏற்றி எங்கே கொண்டு போய்த் தட்டுவது? உடைக்கிற அதிர்வில் அடியில் ஓடும் குழாய்களும் குளத்துச் சுவரும் என்ன ஆகும் என்ற பயம் வேறு. அதனால் இருக்கிற தளத்தின் மேலேயே பேவர் பிளாக் போடுவது என்று முடிவெடுத்தோம். 2021 மாசியில் வேலை நடந்தது. இப்போது நாலரை வருஷம் ஆகிவிட்டது. நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது, நன்றாக இருக்கிறது, ஆனால் பிளாக்கைப் பற்றிக் கேட்கும் முன்னால் அடியில் போகிற தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள் என்பதுதான்.

ஏனென்றால் பேவர் போட்ட தளம் மேலே மட்டும் வடிவதில்லை. பிளாக்குக்கும் பிளாக்குக்கும் இடையில் உள்ள சந்து வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். மண் தரையில் போட்டால் பூமி குடித்துவிடும். கான்கிரீட் மேல் போட்டால் குடிக்க யாரும் இல்லை. பிளாக்குக்கு அடியில் விரித்த மணலுக்குள்ளேயே ஊறி நிற்கும். பழைய தளத்தின் வாட்டம், அதாவது சரிவு, எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பைய நகரும். அங்கே வெளியே போக வழி இருந்தால் தப்பித்தோம்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் கொத்தனார். வேலை பேச வந்த அன்று பிளாக் சாம்பிளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாலு குடம் தண்ணீர் கேட்டார். தளத்தில் நாலு பக்கமும் ஊற்றிவிட்டு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்துகொண்டார். "அக்கா, தண்ணி எங்கன போகுதுன்னு பாத்துட்டு அப்புறம் கல்லப் பத்திப் பேசுவோம்" என்றார். மூன்று பக்கமும் தண்ணீர் குளத்தை விட்டு வெளியே ஓடியது. எட்டடிக்கு ஒரு இஞ்சு வாட்டம், தண்ணீர் நிரப்பின டியூப் மட்டம் வைத்துப் பார்த்தபோதும் அதுவே வந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் தண்ணீர் தயங்கி நின்றது.

தளம் ஆடாமல் கெட்டியாக இருக்கிறதா என்பது அடுத்த சோதனை. எங்களுடையது செவல் மண். அங்கங்கே மயிரிழை விரிசல் மட்டும் இருந்தது, எந்த இடமும் ஏறி இறங்கவில்லை. கரிசல் மண்ணில் இருக்கிறவர்கள் இந்த யோசனைக்கே போக வேண்டாம் என்பேன். மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் மண் அது. கீழே தளம் உடைந்து ஆடினால் மேலே போட்ட பிளாக்கும் கூடவே ஆடும்.

பிறகு துளை. கோர் கட்டிங் மிஷின் வைத்து, வாட்டம் முடிகிற வெளி ஓரமாக இரண்டு இஞ்சு விட்டத்தில் தளத்தை ஊடுருவித் துளை போட்டோம். மொத்தம் பதினாலு போடுவதாகத் திட்டம். குளத்துக் குழாய்கள் தளத்துக்கு அடியில்தான் போகின்றன, கண்ணை மூடிக்கொண்டு துளைக்க முடியாது. 2011-ல் கட்டும்போது என் மகன் எடுத்து வைத்திருந்த போட்டோக்கள் அன்றைக்குத் தெய்வம் மாதிரி உதவின. குளம் கட்டிக்கொண்டிருக்கிற யாராவது இதைப் படித்தால், கான்கிரீட் போடும் முன் குழாய் போகிற பாதையை டேப் வைத்து அளந்து ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு மூலைக்கு மட்டும் தெளிவான போட்டோ இல்லை. அங்கே இரண்டு துளையை விட்டுவிட்டோம். பன்னிரண்டோடு நின்றது.

துளைகளில் கால் இஞ்சு சிப்ஸ் ஜல்லி நிரப்பி, மேலே தண்ணீரை விட்டு மணலைப் பிடிக்கிற ஜியோ டெக்ஸ்டைல் துணி போட்டு மூடினோம். விரிசல் மேலும் அந்தத் துணிதான். அது இல்லாவிட்டால் மணல் கொஞ்சம் கொஞ்சமாகத் துளை வழியே இறங்கிப் போய்விடும். அதன் மேல் ஒரே சீராக ஒரு இஞ்சு மணல். ஆயிரம் சதுர அடிக்குக் கணக்குப் போட்டால் 83 கன அடி வரும், ஒரு யூனிட் (நூறு கன அடி) வாங்கினது சரியாக இருந்தது. பள்ளமான இடத்தில் மணலைக் கூடக் கொட்டி மட்டம் செய்யக் கூடாது. கனமான இடம் பின்னால் அமுங்கும். பள்ளத்தைச் சிமெண்ட் கலவையால் முதலிலேயே சரி செய்துவிட வேண்டும். கிரஷர் தூசியும் வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவின எம்-சாண்ட் வாங்கினோம். எங்கள் பக்கம் மணலோடு சிமெண்டைக் காய்ந்தபடியே கலந்து விரிக்கிற பழக்கம் உண்டு. கொத்தனார் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சிமெண்ட் இறுகினால் தண்ணீர் போகாது, பிளாக்கைப் பின்னால் எடுக்கவும் முடியாது என்றார்.

பிளாக் 60 மில்லிமீட்டர் கனம், எம்-35 தரம் (எம் எண் கூடினால் வலிமை கூடும்). இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 15658, ஆள் மட்டும் நடக்கிற இடத்துக்கு 50 மில்லிமீட்டர் எம்-30 போதும் என்கிறது. எங்கள் பக்கத்தில் 60 தான் எளிதாகக் கிடைத்தது. ஆனால் இதனால் தளம் மூணேகால் இஞ்சுக்கு மேல் உயர்ந்துவிட்டது. வீட்டு வாசல்படி ஆறு இஞ்சு இருந்ததால் அங்கே பிரச்சினை இல்லை. மோட்டார் ரூம் கதவு வெளிப்பக்கம் திறப்பது, அதை அடியில் அறுக்க வேண்டியதாயிற்று. குளத்தில் மிதக்கிற குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரின் மூடிக்கு வளையம் வைத்து உயர்த்தினோம். ஸ்டீல் ஏணியையும் கழற்றி மாட்டினோம். இந்தச் சில்லறை வேலைகளுக்கே நாலு நாள் போனது. இதை யாரும் எஸ்டிமேட்டில் எழுதுவதில்லை.

விளிம்பில் கடப்பாவை எடுத்துவிட்டு, முனை உருண்ட பிளாக்கைக் கலவை வைத்து ஒட்டினோம். வெளி ஓர வரிசையும் கலவையில்தான். இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் மணல் மேல் உட்கார்ந்திருக்கிறது. குளத்து விளிம்புக்கும் தளத்துக்கும் இடையில் முன்பே அரை இஞ்சு இடைவெளி இருந்தது. முன்னால் கடப்பா போட்டவர்கள் அதன் மேலேயே கல்லைப் பாலம் போட்டு ஒட்டியிருந்தார்கள். கல்லெல்லாம் அந்தக் கோட்டிலேயே வெடித்திருந்ததற்கு அதுதான் காரணம். குளம் ஒரு உடம்பு, தளம் வேறு உடம்பு. வெயிலுக்கும் மழைக்கும் இரண்டும் தனித்தனியாக நகரும். இந்த முறை அந்த இடைவெளியை மேல்வரை அப்படியே கொண்டுவந்து, தெர்மோகோல் பட்டை வைத்து மேலே ரப்பர் மாதிரி இழுபடுகிற பாலிசல்பைடு சீலண்ட் அடித்தோம். சின்ன ஆள் ஒருவன் பழக்கத்தில் கரணையைத் தூக்கிக்கொண்டு கலவை அடைக்கப் போனான். கொத்தனார் போட்ட சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

முதல் வருஷம் பெரும்பாலும் சந்தோஷம்தான். ஒரு குறை, வெள்ளை பூத்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு பிளாக் மேல் சுண்ணாம்பு தடவினது போலத் திட்டுத்திட்டாக. சிமெண்டில் உள்ள சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு மேலே வந்து காற்றுப் பட்டு வெளுப்பது அது. ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னார்கள். நாங்கள் ஊற்றவில்லை. ஆசிட் பிளாக்கின் முகத்தையும் தின்னும், வழிந்து குளத்துத் தண்ணீரையும் கெடுக்கும். வெறும் பிரஷ் போட்டுத் தேய்த்தோம். இரண்டாவது மழைக்காலத்துக்குப் பின் தானாகவே நின்றுவிட்டது.

சூடு பற்றிச் சொல்ல வேண்டும். நடுவில் சந்தன நிறம், ஓரத்தில் அழகுக்காகக் கரும் சாம்பல் பார்டர். சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு அந்தப் பார்டரில் வெறுங்காலோடு ஒரு நொடி நிற்க முடியாது. பேத்தி, "ஆச்சி, கறுப்பு தோசக்கல்லு, வெள்ளை பரவால்ல" என்று சொல்லிச் சொல்லித் தாண்டிக் குதிப்பாள். சந்தன நிறமும் குளிர்ச்சி என்று சொல்ல மாட்டேன். பழைய கான்கிரீட்டை விடக் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். ஒரு வாளி தண்ணீர் தெளித்தால் பத்து நிமிஷம் தாங்கும். மறுபடி போட வாய்ப்பு வந்தால் பார்டரையும் வெளிர் நிறத்திலேயே போடுவேன்.

ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் சாரல். வாரக்கணக்கில் தளம் காயாது. மாமரத்து நிழல் விழுகிற மேற்குப் பக்கம் பாசி பிடிக்கும். இரண்டாம் வருஷம் அதைப் போக்க, வண்டி கழுவுகிற பிரஷர் மிஷினை வாடகைக்கு எடுத்து அடித்தோம். பாசியோடு சந்தில் இருந்த மணலும் சேர்ந்து பறந்துவிட்டது. திரும்ப மணல் கூட்டி நிரப்ப ஒரு நாள். இப்போது ஈர்க்கு வாரியலும் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரும் மட்டும்தான், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. சிற்றெறும்பும் ஒரு தொல்லை. கோடையில் சந்திலிருந்து மணலைத் தோண்டிக் குட்டிக் குட்டிக் குவியலாக வைக்கும். கூட்டித் திரும்பச் சந்திலேயே தள்ளிவிடுகிறேன்.

அப்புறம் 2023 மார்கழி பிறந்த அன்று தொடங்கின மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததும், தாமிரபரணி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் புகுந்ததும் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பக்கம் அந்த அளவுக்கு இல்லை, இருந்தாலும் விடாமல் கொட்டியது. ஊரே தவித்த நேரத்தில் குளத்துத் தளத்தைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் போய்ப் பார்த்தேன். மூன்று பக்கமும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும் ஒரு கட்டில் அளவுக்கு அமுங்கியிருந்தது. மிதித்தால் சந்திலிருந்து சேறும் தண்ணீரும் பிதுங்கியது.

துளை போடாமல் விட்ட அதே மூலை.

இரண்டு தட்டைத் திருப்புளி வைத்து ஒரு பிளாக்கை நெம்பி எடுத்தேன். அடியில் மணல் கருப்பட்டிப் பாகு மாதிரி குழைந்திருந்தது. கையை வைத்தால் சில்லென்று தண்ணீர் ஊறியது. மழை நின்று எட்டு நாள், மேலே எல்லாம் காய்ந்துவிட்டது, உள்ளே அப்படியே நின்றிருந்தது. பிளாக்கின் அடிப்பக்கம் ஒரு மண்புழு ஒட்டிக்கொண்டிருந்தது.

கொத்தனார் வந்தார். என்னைக் குறை சொல்லவும் இல்லை, தன் பேரில் குறை இல்லை என்று பேசவும் இல்லை. "அன்னைக்கே இதுக்கு ஒரு வழி பண்ணிருக்கணும்க்கா" என்று மட்டும் சொன்னார். குழாய் எங்கே போகிறது என்று தெரியாத இடத்தில் கீழே துளைக்க இப்போதும் மனசு வரவில்லை. அதற்குப் பதில், வெளி ஓரத்தில் கலவையில் உட்கார்ந்திருந்த பார்டரை அடியோடு இரண்டு இடத்தில் குடைந்து, பக்கவாட்டில் தண்ணீர் வெளியேறும்படி பிவிசி குழாய்த் துண்டு பதித்து, வாயில் துணியும் சிப்ஸும் வைத்தார். எண்பது பிளாக்கை எடுத்து, சேற்று மணலை வழித்து, பள்ளத்தைக் கலவையால் நிரப்பி வாட்டம் கொடுத்து, அது காய்ந்த பின் புது மணல் விரித்துத் திரும்ப அடுக்கினார். உடைந்தது ஒரு பிளாக்கும் இல்லை. டைல்ஸ் ஒட்டியிருந்தால் அந்த மூலை முழுவதையும் உடைத்துத்தான் எடுத்திருக்க வேண்டும். எனக்குப் பேவரில் பிடித்த விஷயமே இதுதான். போன வருஷம் தென்னை நெற்று விழுந்து ஒரு பிளாக் உடைந்தபோதும், பத்து நிமிஷத்தில் நானே மாற்றினேன். வேலை முடிந்த அன்றே நாற்பது பிளாக் மிச்சம் எடுத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் அடுக்கி வைத்தது நல்லதாகப் போயிற்று. பின்னால் வாங்கினால் அதே நிறம் கிடைக்காது.

2024 அடைமழையும் இந்த வருஷச் சாரலும் போய்விட்டன. மூலை அசையவில்லை. மழை பெய்தால் இப்போதும் குடையோடு போய் அந்த இரண்டு பிவிசி வாயையும் பார்ப்பேன். மழை விட்ட பிறகும் அரை மணி நேரத்துக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும். அவ்வளவு தண்ணீர் உள்ளே இருந்திருக்கிறது.

இப்போது பாக்கி இருப்பது சீலண்ட். முழு வெயில் வாங்குகிற தெற்கு ஓரத்தில் அது ஒரு பக்கமாக விட்டு, நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரிகிறது. புரட்டாசிக்குள் பழசைச் சுரண்டி எடுத்துப் புதுசு அடிக்க வேண்டும். சந்து நன்றாகக் காய்ந்திருந்தால்தான் ஒட்டும், ஐப்பசி பிறந்துவிட்டால் முடியாது. கொத்தனாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் வருகிறார்.