பாண்டில நடக்குற இங்கிலீஷ் டீச்சர்ஸ் ட்ரெய்னிங், கடலூர்லேர்ந்து போய் வர்றதுக்கு ஒர்த்தான்னு கேக்குறவங்களுக்கு

5க்கு 4 தாராளமா குடுப்பேன். நான் கடலூர் பக்கம் நாலாவது அஞ்சாவதுக்கு இங்கிலீஷ் எடுக்குறேன், வீட்ல இங்கிலீஷே காதுல விழாத புள்ளைங்க, கிளாஸுக்கு நாப்பது பேருக்கு மேல. இந்த ட்ரெய்னிங் கிளாஸ் ஞாயித்துக்கிழமைல நடக்குது, முத்தியால்பேட்டை பக்கம் ஒரு மாடி ரூம். இங்க தியரி ரொம்ப கம்மி, சார் நம்மளயே ஸ்டூடன்ட் மாதிரி உக்கார வச்சு எடுத்துக் காட்டுவாரு, அப்புறம் நம்ம எழுந்து எடுக்கணும், மத்த டீச்சருங்க பாத்துட்டு எங்க இடிக்குதுன்னு சொல்லுவாங்க, அதுதான் இதுல பெரிய பலம்.

முதல்ல சொல்லிக் குடுத்ததே கேள்வி கேக்குற முறைதான். பேர் சொல்லிக் கூப்ட்டுட்டு கேள்வி கேட்டா மத்த புள்ளைங்க எல்லாம் அந்த நிமிஷமே கழண்டுக்குவாங்க, அதனால கேள்விய முதல்ல போடு, மனசுக்குள்ள மூணு எண்ணு, அப்புறம் பேரைச் சொல்லு. அமெரிக்காவுல மேரி பட் ரோன்னு ஒரு ஆராய்ச்சியாளர் டீச்சருங்க சராசரியா ஒரு செகண்ட்தான் காத்திருக்காங்கன்னும், மூணு செகண்ட் விட்டா பதில் நீளமா வருதுன்னும் கண்டுபிடிச்சாங்களாம். எங்க கிளாஸ்ல செஞ்சு பாத்தேன், வாயே தெறக்காத கடைசி பெஞ்ச் புள்ளைங்க முழு வாக்கியமா சொல்லுது, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

அடுத்தது "புரிஞ்சுதா"ன்னு கேக்கவே கூடாதுங்கறது. கேட்டா எல்லாரும் "யெஸ் மிஸ்"னுதான் ராகம் போடுவாங்க. "ஐ யூஸ்ட் டு லிவ் இன் நெய்வேலி"ன்னு ஒரு வாக்கியம் சொல்லிட்டு, இவரு முன்ன நெய்வேலில இருந்தாரா, இப்பயும் அங்கதான் இருக்காரான்னு ரெண்டே கேள்வி கேட்டா போதும், யாருக்குப் புரிஞ்சுது யாருக்குப் புரியலன்னு உடனே தெரிஞ்சுடும். நீளமான வாக்கியத்த சொல்ல வைக்குறப்ப பின்னாடிலேர்ந்து கோக்கணும்னும் காட்டினாரு, "டு த மார்க்கெட்", அப்புறம் "வென்ட் டு த மார்க்கெட்", அப்புறம் முழுசு, இப்படி எடுத்தா கடைசி வரைக்கும் ஒரே தெளிவா வருது.

உச்சரிப்பு செஷன்தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. பேரிக்காய் பழத்துக்குச் சொல்ற pear, கரடிக்குச் சொல்ற bear ரெண்டும் நம்ம புள்ளைங்க வாய்ல ஒண்ணாதான் வரும், தமிழ்ல அந்த ரெண்டு சத்தத்துக்கும் ஒரே எழுத்துதான. வாய்க்கு முன்னாடி ஒரு துண்டு பேப்பர் புடிச்சு சொல்லச் சொன்னாரு, பழத்துக்கு காத்து அடிச்சு பேப்பர் ஆடணும், கரடிக்கு ஆடக்கூடாது. அப்புறம் p-க்கு ஒரு செவுரு, b-க்கு ஒரு செவுரு, சத்தத்தக் கேட்டு சரியான செவுரக் கை காட்டணும்னு ஒரு விளையாட்டு, முதல்ல காது பழகணும் அப்புறம்தான் வாய்ங்கறாரு. காசே செலவில்லாத வேலை.

ரன்னிங் டிக்டேஷனும் நல்லாருக்கு, வராண்டா செவுத்துல ஒரு பத்தி ஒட்டிட்டு ஒரு புள்ள ஓடிப் போய் படிச்சு மனசுல வச்சுகிட்டு வந்து சொல்ல, ஜோடி எழுதணும். பாதில ஆளை மாத்தி விடணும், இல்லன்னா நல்லா படிக்குற புள்ளயே ஓடிகிட்டு இருக்கும். சத்தம் வரும், பக்கத்து கிளாஸ் டீச்சர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சுடுங்க.

தமிழ் பேசக்கூடாதுன்னு இவங்க ஃபைன் போடுற ரகம் இல்ல, இங்கிலீஷ்ல ஒருவாட்டி, தேவைப்பட்டா தமிழ்ல ஒருவாட்டி, திரும்ப இங்கிலீஷ்லயே சொல்லி முடிக்கணும், அவ்ளோதான். பயந்து பயந்து உக்காந்திருக்குற புள்ளைக்கு இது எவ்ளோ பெரிய தைரியம்னு கிளாஸ் எடுக்குறவங்களுக்குத் தெரியும்.

குறைன்னா, ஜேம்ஸ் ஆஷர்ங்கற அமெரிக்க சைக்காலஜி பேராசிரியர் 1960கள்ல கொண்டு வந்த, சொல்றத உடம்பால செஞ்சு காட்டுற முறைக்கு ஒரு முழு ஞாயித்துக்கிழமையே போச்சு. ஒண்ணாவது ரெண்டாவதுக்கு அது அருமை, ஆனா எழுந்திரு, உக்காரு, கதவைத் தொடுன்றதத் தாண்டி மேல் கிளாஸுக்கு ரொம்ப தூரம் போகாது. குரூப் வேலை எல்லாம் சேரை இழுத்துப் போட்டு காட்டுறாங்க, நம்ம ஸ்கூல்ல நீள பெஞ்ச், எங்க இழுக்குறது. முன்பெஞ்ச் புள்ளைங்கள அப்படியே பின்பக்கம் திருப்பி உக்கார வச்சா குரூப் ஆயிடும்ங்கற வழிய கூட வந்த ஒரு டீச்சர்தான் சொன்னாங்க. திருத்துறது, மார்க் போடுறது பத்தி ஒண்ணுமே இல்ல, அதச் சேத்தே ஆகணும். ஜெராக்ஸ் பேப்பரும் மங்கலா இருக்கு.

பாண்டி கவர்மென்ட் ஸ்கூலுங்க 2023-24லேர்ந்து சிபிஎஸ்இக்கு மாறிட்டதால அந்தப் பக்க டீச்சருங்க வேற புக்கோட வர்றாங்க, நம்ம கிட்ட சமச்சீர் புக்கு. சார் ரெண்டுலேர்ந்தும் பாடம் எடுத்து செஞ்சு காட்டுறாரு, அதனால உங்க புக்கைக் கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, அடுத்த வாரம் நடத்தப் போற பாடத்தையே அங்க வச்சு தயார் பண்ணிடலாம். பத்தாவது பன்னெண்டாவது பப்ளிக் எக்ஸாமுக்கு ரெடி பண்றவங்களுக்கு இது செட் ஆகாது. ஃபீஸ ரெண்டு தவணையா கட்டலாம், காலைல தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழி பஸ்ஸ சீக்கிரமே புடிச்சுடுங்க, லேட்டா போனா முதல் டெமோ போயிடும், அதத் திரும்ப எடுக்க மாட்டாங்க.