மயில் துத்தமா, எப்சம் உப்பா?

மொரீஷியசில் எச்.எஸ்.சி. (மேல்நிலைப் பள்ளிச் சான்றிதழ்) வேதியியல் செய்முறைக்குத் தயாராகும் நம் பிள்ளைகள், படிக நீரைக் கணக்கிட முதலில் சூடாக்குவது பெரும்பாலும் மயில் துத்தத்தைத்தான் (நீரேறிய செப்பு சல்பேட்). படிகத்துக்குள் உப்பின் ஒவ்வொரு அலகோடும் எத்தனை நீர் மூலக்கூறுகள் பிணைந்திருக்கின்றன என்பதைச் சூட்டில் குறையும் எடையிலிருந்து காண்பதே இந்தக் கணக்கு. நான் எப்சம் உப்பையே (நீரேறிய மக்னீசியம் சல்பேட்) முதலில் கொடுப்பேன்.

துத்தத்தின் அழகை மறுக்கவில்லை. நீலப் படிகம் வெளுத்துப் பொடியாவதைப் பார்த்தாலே நீர் போவது புரிந்துவிடும். எடையில் 36 விழுக்காடு நீர். ஐந்து மூலக்கூறுகளில் நான்கு 110 பாகை செல்சியசை ஒட்டி விலகிவிடும். ஐந்தாவது 200 பாகை வரை விடாது. அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால், சூடாக்கும் சிறு கிண்ணமான மூசையின் அடியில் உப்பே சிதையத் தொடங்கும். கந்தக ஆக்சைடு வெளியேறி, கருப்புச் செப்பு ஆக்சைடு மிஞ்சும். அந்த எடைக்குறைவும் நீர்க்கணக்கில் ஏறி, விடை ஐந்தைத் தாண்டும். கருத்ததைத் திருத்த முடியாது.

எப்சம் உப்பு கண்ணுக்கு ஒன்றும் காட்டாது. வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். ஆனால் எடையில் 51 விழுக்காடு நீர், அதுவும் ஏழு மூலக்கூறுகள். நீர் போனபின் மிஞ்சும் மக்னீசியம் சல்பேட் பன்சன் அடுப்பின் சூட்டில் மூசைக்குள் சிதையாது. நீர் மிச்சமிருந்தால் விடை ஏழுக்குக் கீழே வரும். மறுபடி சூடாக்கினால் சரியாகிவிடும். இதற்காகவே இதை நம்புகிறேன். தொடக்கத்தில் மட்டும் கவனம் தேவை: தன் நீரிலேயே உருகித் தெறிக்கும், தெறித்த உப்பு திரும்ப வராது. சிறு தீ, சற்றே திறந்த மூடி.

இன்னொன்று நம் ஊர்க் காற்று. தைப்பூசக் காவடி எடுக்கும் மாதங்களில் மேட்டு நில ஊரான கியூர்பிப் பக்கம் ஈரம் சொட்டும். நீரற்ற உப்பு இரண்டுமே ஈரத்தை இழுக்கும்; மக்னீசியம் சல்பேட்டையோ ஆய்வகங்களில் ஈரம் உறிஞ்சவே வைத்திருக்கிறார்கள். ஆகவே சிலிக்கா ஜெல் இட்ட உலர்கலனுக்குள் ஆறவிடுங்கள். அது இல்லாவிட்டால் மூடியோடு ஆறவிட்டு, ஆறியதும் நிறுங்கள். சூட்டோடு நிறுத்தால் மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும்.

2.50 கிராம் எப்சம் உப்பில் 1.28 கிராம் குறைய வேண்டும். 0.02 கிராம் ஈரம் தங்கினால் விடை 6.79, ஏழென்று தெரிந்துவிடும். அதே பிழை துத்தத்தில் 4.81 தரும்.

பேரியம் குளோரைடு சூட்டைத் தாங்கும், ஆனால் நச்சு. நீரும் 15 விழுக்காடுதான். பயிற்சிக்கு வேண்டாம்.

எதை எடுத்தாலும், அடுத்தடுத்த இரு எடைகள் 0.01 கிராமுக்குள் ஒத்துவரும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, நிறுத்துக்கொண்டே இருங்கள்.