பழைய லென்ஸுக்கு எந்த ஃப்ளாஷ்: டிடிஎல்லா, கண் வைத்த ஆட்டோவா, மேனுவலா?

கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கம் ஃபிலிம் காலத்து ஸ்டூடியோ ஒன்றை மூடினால் அலமாரியிலிருந்து 50, 105, 135 மிமீ என்று, ஃபோகஸையும் அப்பர்ச்சரையும் (வெளிச்சம் நுழையும் துளை) கையால் திருப்பும் மேனுவல் லென்ஸ்கள் வெளியே வரும், கூடவே ஒரு தடிமனான பழைய ஃப்ளாஷும் வரும். லென்ஸை ஆசையாக வாங்கிப்போகிறவர்கள் ஃப்ளாஷைத் தொடுவதில்லை. ஆனால் அந்த இரண்டும் ஒன்றாக வேலை செய்யத்தான் பிறந்தவை. புது ஃப்ளாஷை மாட்டி டிடிஎல்லில், அதாவது லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தைக் கேமராவே அளந்து ஃப்ளாஷின் அளவை முடிவுசெய்யும் முறையில், போட்டுவிட்டு, ஒரு படம் வெளுத்தும் அடுத்த படம் இருட்டியும் வருகிறதே என்று லென்ஸைக் குறை சொல்பவர்கள் இங்கே நிறைய. லென்ஸ் மேல் ஒரு தப்பும் இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆள் நகர்ந்துகொண்டே இருக்கும் இடத்தில் முன்பக்கம் சென்சர் கண் உள்ள ஆட்டோ ஃப்ளாஷ். தூரம் மாறாத இடத்தில் மேனுவல், அதாவது ஃப்ளாஷின் சக்தியை நாமே வைப்பது. டிடிஎல் உங்கள் கேமரா பாடியைப் பொறுத்தது. உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் என்றால் தாராளமாக, கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் கம்பெனியைக் கேட்டுவிட்டுத்தான்.

டிடிஎல் ஏன் தடுமாறுகிறது என்று பார்த்துவிடலாம். 1975இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2, ஷட்டர் திறந்திருக்கும்போதே ஃபிலிம் மேல் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்து, போதும் என்றதும் ஃப்ளாஷை நிறுத்தியது. லென்ஸ் எந்த அப்பர்ச்சரில் இருக்கிறது என்று அதற்குத் தெரியவே வேண்டாம், வந்து விழுந்த வெளிச்சம்தான் கணக்கு. டிஜிட்டல் சென்சர் ஃபிலிம் மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. அதனால் முறையே மாறிப்போனது: படத்துக்கு ஒரு நொடித்துளி முன்னால் சின்னதாக ஒரு முன்-ஃப்ளாஷ், அதை அளந்து ஒரு கணக்கு, அப்புறம்தான் நிஜ ஃப்ளாஷ். டிஎஸ்எல்ஆரில் இந்த அளவு லென்ஸ் முழுக்கத் திறந்திருக்கும்போது நடக்கிறது. "இப்போது 1.8இல் பார்க்கிறேன், படம் எடுக்கும்போது 8க்கு மூடப்போகிறேன்" என்று பாடிக்குத் தெரிந்தால்தான் கணக்கு ஒத்துவரும். மேனுவல் லென்ஸ் அந்தச் சேதியைச் சொல்வதில்லை.

இதை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கிறது. பென்டாக்ஸில் அப்பர்ச்சர் வளையத்தில் 'ஏ' என்ற நிலை உள்ள பழைய லென்ஸ் என்றால் பி-டிடிஎல் (பென்டாக்ஸின் டிடிஎல்) வேலை செய்யும்; அந்த 'ஏ' இல்லாத எம் வகை லென்ஸை மாட்டினால் பாடியோடு வரும் ஃப்ளாஷ் முழு சக்தியில் அடித்துவிடும். கேனான் டிஎஸ்எல்ஆரில் சிப் இல்லாத அடாப்டர் போட்டால் அப்பர்ச்சர் இருக்கும் இடத்தில் 00 என்று காட்டும், ஃப்ளாஷும் அடிக்கும், ஆனால் அப்பர்ச்சரை மாற்ற மாற்ற வெளிச்சம் கூடியும் குறைந்தும் வரும். நிக்கானில் டி200, டி300, டி700, டி7000 மாதிரி பாடிகளில் ஏஐ என்ற நிக்கான் மேனுவல் லென்ஸ் வகையின் வளையத்தைப் பிடிக்கும் நெம்பு இருக்கிறது; மெனுவில் லென்ஸின் ஃபோகல் தூரத்தையும் அதிகபட்ச அப்பர்ச்சரையும் பதிந்துவிட்டால் டிடிஎல் ஒழுங்காகவே நடக்கும். டி3000, டி5000 வரிசையிலும் டி7500இலும் அந்த நெம்பு கிடையாது, சாதாரண மீட்டர்கூட இந்த லென்ஸ்களோடு ஓடாது. ஒரு எச்சரிக்கை: நெம்பு உள்ள பாடிகளில் ஏஐக்கு முந்தைய லென்ஸை அப்படியே திருகி ஏற்றாதீர்கள், நெம்பு உடையும்.

மிரர்லெஸ்ஸில் கதை வேறு. நீங்கள் வளையத்தை 5.6இல் வைத்தால் லென்ஸ் அங்கேயே மூடி நிற்கிறது. முன்-ஃப்ளாஷும் அதே துளை வழியாகத்தான் சென்சருக்குப் போகிறது, கணக்குப் போட மிச்சம் ஒன்றும் இல்லை. சோனியில் ஒரு சாதாரண அடாப்டரை வைத்து டிடிஎல்லில் எடுத்தால் படத்துக்குப் படம் பெரிய வித்தியாசம் வராது.

இப்போது அந்தத் தடிமனான பழைய ஃப்ளாஷுக்கு வருவோம். விவிடார் 283ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஒரு சின்ன வட்டக் கண், அதைச் சுற்றி நிறம் நிறமாகத் திருப்பும் டயல். ஃப்ளாஷ் தானே அடிக்கிறது, எதிரில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைத் தானே அளக்கிறது, போதும் என்றதும் உள்ளே இருக்கும் தைரிஸ்டர் என்ற மின் சுவிட்ச் கரண்டை நிறுத்திவிடுகிறது. மிச்ச கரண்ட் கண்டென்சரிலேயே தங்குவதால் அடுத்த ஃப்ளாஷுக்குச் சீக்கிரம் தயாராகிவிடும். கேமராவுக்கும் இதற்கும் இடையே "இப்போது அடி" என்ற ஒரே ஒரு சேதிதான். கேமராவை எம் (மேனுவல்) நிலையில் வை, ஷட்டர் நொடியில் 125இல் ஒன்று, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 400. ஃப்ளாஷின் அட்டவணையில் ஐஎஸ்ஓ 400க்கு நேராகப் பார், உன் நிறத்துக்கு எந்த அப்பர்ச்சர் சொல்கிறதோ அதை லென்ஸ் வளையத்தில் வை. வேலை முடிந்தது. பாடி பென்டாக்ஸா கேனானா என்ற கேள்வியே எழாது.

முன்-ஃப்ளாஷ் இல்லை என்பதன் அருமை கல்யாணத்தில்தான் தெரியும். டிடிஎல்லில் முன்-ஃப்ளாஷ் பட்டதுமே இமை மூடிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தாலி கட்டும் நேரத்தில் பெண்ணின் கண் மூடியிருந்தால் அந்தப் படத்தை இன்னொரு தரம் எடுக்க வழியில்லை. இன்னொன்று, வெள்ளைக் கூரை உள்ள மண்டபத்தில் ஃப்ளாஷின் தலையை மேலே திருப்பி, வெளிச்சம் கூரையில் பட்டு இறங்கும்படி பவுன்ஸ் அடித்தாலும் கண் நேராக ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கூரை எவ்வளவு உயரம், எவ்வளவு வெளிச்சம் வீணாயிற்று என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கீற்றுப் பந்தலிலும் கலர்த் துணிப் பந்தலிலும் மட்டும் பவுன்ஸ் வேண்டாம். கீற்று வெளிச்சத்தைக் குடித்துவிடும், ரோஸ் துணி என்றால் முகமெல்லாம் ரோஸாகும்.

கண் ஏமாறும் இடங்களும் இருக்கின்றன. நடுவில் ஏறத்தாழ 20 டிகிரிக்குள் என்ன இருக்கிறதோ அதைத்தான் அது பார்க்கிறது. வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் பெரியவர்கள் வரிசையாக நின்றால் "வெளிச்சம் போதும்" என்று முன்னாலேயே நிறுத்திவிடும், முகங்கள் மங்கும். ஆளுக்குப் பின்னால் இருட்டுப் பிரகாரம் என்றால் நேர்மாறாக முகம் வெளுக்கும். டெல்டா கல்யாணங்களில் பெரிய எதிரி ஹோமப் புகை. புரோகிதர் நெய் ஊற்றியதும் எழும்புகிற புகைத்திரை ஃப்ளாஷை அப்படியே திருப்பி அடிக்கும், கண் அதை ஆள் என்று நினைத்து நிறுத்திவிடும், பின்னால் மாப்பிள்ளை கறுத்துப்போவார். டிடிஎல்லும் இதில் இதே மாதிரிதான் ஏமாறும். புகை விலகும்வரை காத்திருங்கள், அல்லது பக்கவாட்டுக்குப் போங்கள்.

ஆனால் இந்தக் கண் ஏமாறினால் சரிசெய்ய ஒரு வழி இருக்கிறது, நான் இதைத் தேர்ந்தெடுப்பதே அதற்காகத்தான். ஃப்ளாஷுக்கு லென்ஸ் வளையம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. வேட்டி வரிசை வருகிறதா, ஃப்ளாஷைத் தொடாமல் வளையத்தை 8இலிருந்து 5.6க்கு ஒரு கிளிக் திருப்புங்கள், துளை பெரிதாகி முகம் ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) தெளிந்துவிடும். அடுத்து கருநீலப் பட்டில் ஒரு அம்மா, திரும்ப 8, வேண்டுமானால் இன்னும் அரை. உங்கள் கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து எடுக்கவே வேண்டாம், இடது கை ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. மிரர்லெஸ் டிடிஎல்லில் இதே வளையத்தைத் திருப்பினால் முகத்தின் வெளிச்சம் மாறாது, அது தன் கணக்கில் ஈடுகட்டிவிடும்; அதற்கு ஃப்ளாஷ் ஈடு செட்டிங்கைத் தேடி பட்டன் அமுக்க வேண்டும். மேனுவல் லென்ஸை விரும்பி வாங்கியவருக்கு வளையம் சொன்னபடி கேட்கும் ஃப்ளாஷ்தான் பொருத்தம்.

மேனுவல் ஃப்ளாஷுக்கு ஒரே கணக்குதான்: ஃப்ளாஷின் சக்தியைச் சொல்லும் கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர். 283இன் கைடு நம்பர் ஐஎஸ்ஓ 100இல் மீட்டர் கணக்குக்கு 36. நாலரை மீட்டரில் ஆள் நின்றால் 8. ஐஎஸ்ஓ 400 என்றால் நம்பர் இரட்டிப்பாகி 72, அதே 8இல் 9 மீட்டர் வரை எட்டும். தூரத்தை எப்படி அளப்பது என்று கேட்பார்கள். லென்ஸிலேயே எழுதியிருக்கிறதே! ஃபோகஸ் பண்ணு, தூர வளையத்தைப் படி, வகுத்துக்கொள். இன்றைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் பலவற்றில் இந்த அளவே கிடையாது, பழைய லென்ஸில் மீட்டரிலும் அடியிலும் தெளிவாக இருக்கிறது. நிக்கான் ஒரு காலத்தில் 45 மிமீ ஜிஎன் நிக்கோர் என்று ஒரு லென்ஸே செய்தது, கைடு நம்பரை வைத்துவிட்டால் ஃபோகஸ் வளையம் திரும்பத் திரும்ப அப்பர்ச்சரும் தானாக மாறும்.

மேனுவல் ஜெயிக்கும் இடம் கச்சேரி மேடை. நாதஸ்வரம், தவில் செட் உட்கார்ந்துவிட்டால் கச்சேரி முடியும்வரை தூரம் மாறாது. ஆச்சா மரத்து நாதஸ்வரம் கறுப்பு, வேட்டி வெள்ளை, கழுத்தில் தங்கம், பின்னால் ஜிகினாத் திரை. எந்தக் கண்ணும் இதில் குழம்பும். மேனுவலில் கால் சக்தி, ஒரு டெஸ்ட் படம், திரையில் பார்த்து ஒரு கிளிக் திருத்தம், அப்புறம் மொத்தக் கச்சேரியும் ஒரே நிறத்தில் வரும். சக்தி குறையக் குறைய ஃப்ளாஷ் அடிக்கும் நேரமும் குறையும் என்பதால் தவில்காரரின் விரல்கூடுகள் தோலைத் தொடும் அந்தக் கணம் கல்லில் செதுக்கியதுபோல் நிற்கும். ஆனால் வித்வான் கண்ணை மூடி ஆலாபனையில் இருக்கும்போது முகத்துக்கு நேரே ஃப்ளாஷ் அடிக்காதீர்கள், தனியாவர்த்தனம்வரை பொறுங்கள்.

சுவாமிமலை சிற்பக் கூடங்களிலும் மேனுவல்தான். மெருகேறிய செப்புத் திருமேனி ஃப்ளாஷைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும், பக்கத்திலேயே மெழுகு வார்ப்பும் களிமண் அச்சும் மந்தமாக வெளிச்சத்தை விழுங்கும். ஃப்ளாஷைக் கேமராவிலிருந்து இறக்கிப் பக்கத்துச் சுவரில் அடித்து, ஒரு சக்தியில் நிறுத்திவிடுங்கள்.

ஒரே கல்யாணத்தை எடுத்துக்கொண்டால் எனக்குக் கணக்கு இப்படி விழுகிறது. மாப்பிள்ளை அழைப்புக்குக் கண் ஆட்டோ. கார் நகரும், கூட்டம் முன்னும் பின்னும் போகும், 50 மிமீ லென்ஸில் 8 வைத்து 3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால் ஃபுல் ஃபிரேமில் சுமார் 2.3இலிருந்து 4.2 மீட்டர் வரை தெளிவு கிடைக்கும், வெளிச்சத்தை ஃப்ளாஷ் பார்த்துக்கொள்ளும். ஊஞ்சலுக்கும் மாலை மாற்றுவதற்கும் அதுவே. முகூர்த்தத்தில் நான் நிற்கும் இடம் மாறாது, அதனால் மேனுவல். புகையும் அட்சதையும் பறக்கும் நேரத்தில் எந்தக் கண்ணையும் நம்ப வேண்டியதில்லை. குரூப் போட்டோவும் மேனுவலே, நூறு குடும்பம் வந்தாலும் அவர்கள் நிற்கும் கோடு ஒன்றுதான்.

டிடிஎல்லை நான் விரும்பி எடுக்கும் ஒரே இடம் வயல் வரப்பு. சம்பா நாற்றுக்கு நடுவே தும்பியும் தவளையும் எடுக்க மேனுவல் மேக்ரோ லென்ஸ், லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப். ட்யூப் நீள நீள வெளிச்சம் குறையும், வெளியே இருக்கும் கண்ணுக்கு அது தெரியாது, தும்பி அதன் நேர்ப்பார்வைக்குக் கீழே இருப்பதால் பின்னால் இருக்கும் நாற்றைத்தான் அளக்கும். லென்ஸ் வழியாக அளக்கும் மிரர்லெஸ் டிடிஎல்லுக்கு இந்த இரண்டு சிக்கலும் இல்லை. இங்கே அதற்கு நிகர் கிடையாது.

வாங்குவதைப் பற்றி. நிக்கானின் எஸ்பி-28, எஸ்பி-80டிஎக்ஸ், எஸ்பி-800, எஸ்பி-900 எல்லாவற்றிலும் கண் ஆட்டோ உண்டு. எஸ்பி-600இலும் எஸ்பி-700இலும் இல்லை. கேனானில் 580இஎக்ஸ் 2இல் இருக்கிறது. இப்போது எல்லாரும் வாங்கும் கோடாக்ஸ் டிடி685, வி860 வகைகளில் டிடிஎல்லும் மேனுவலும் உண்டு, கண் ஆட்டோ கிடையாது. எஸ்பி-28 டிஜிட்டல் நிக்கானில் டிடிஎல் செய்யாது என்பதால் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நமக்கு அதுவே வசதி.

283 போன்ற பழையதை வாங்கினால் மாட்டுவதற்கு முன் ஒரு வேலை கட்டாயம். புது பேட்டரி போட்டு, ரெடி விளக்கு எரிந்ததும் கேமராவில் மாட்டும் அடிக்காலின் நடுப்புள்ளியிலும் பக்கவாட்டு உலோகத்திலும் மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் வைத்து டிசி வோல்ட் பாருங்கள். ஜப்பானில் செய்த ஆரம்பகால 283களில் 200 வோல்ட்டுக்கு மேல் காட்டுவது சகஜம், பிற்காலத்தில் வந்தவை பத்து வோல்ட் சுமாருக்குள் நிற்கும். நிக்கான் தன் பாடிகளுக்கு 250 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று எச்சரிக்கிறது, மற்ற பாடிகளில் வரம்பு இதைவிடக் குறைவாக இருக்கலாம், கையேட்டில் தேடுங்கள். மீட்டர் இருபதைத் தாண்டிக் காட்டினால் நான் அந்த ஃப்ளாஷை எந்த பாடியின் தலையிலும் ஏற்ற மாட்டேன், தனியாக வைத்து, இன்னொரு ஃப்ளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து அடிக்கவைக்கும் ஆப்டிகல் ஸ்லேவ் வழியாக மட்டும் அடிப்பேன்.