செய்மதிப் படமா, லைடாரா, அதிர்வுமானியா, அகழியா? கொழும்பைச் சுற்றி உயிருள்ள பிளவைத் தேடும் வழிகள்

கொழும்புக்கு நிலநடுக்கம் புதிதல்ல. 1615 ஏப்ரல் 14 அன்று அதிர்ந்ததில் ஏறத்தாழ 200 வீடுகள் இடிந்ததாகப் போர்த்துக்கேயர் காலக் குறிப்புகள் சொல்கின்றன. அப்படியானால் உயிருள்ள பிளவை, அதாவது இன்றும் அசைந்து நிலத்தை அதிரவைக்கக்கூடிய பாறைப் பிளவை, எதைக் கொண்டு தேடுவது?

மலிவானது செய்மதி உயரத் தரவு. 30 மீற்றர் துல்லியத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் அதில் தெரியும் நேர்கோடெல்லாம் பிளவல்ல. எங்கள் பழம்பாறையில் மூட்டுகளும் (இருபுறமும் நகராத வெறும் வெடிப்புகள்) படலங்களும் (பாறையின் தாள் போன்ற அடுக்குகள்) அரிக்கப்பட்டாலே பள்ளத்தாக்குகள் நேராகிவிடும். ஹமில்டன் கால்வாயும் ரயில் பாதையும்கூடக் கோடாகத்தான் விழும். உயரத் தரவிலிருந்து கணினியில் ஒளியும் நிழலும் இட்டு வரையும் நிலப்படத்துக்கு வடமேற்கு ஒளி மட்டும் கொடுத்தால் அந்தத் திசையிலேயே ஓடும் கோடுகள் மறைந்துபோகும். நாலு திசையிலும் ஒளி கொடுத்துப் பாருங்கள்.

லைடார், அதாவது வானிலிருந்து லேசர் ஒளி வீசி நில உயரத்தை அளக்கும் முறை, செலவு கூடியது. ஆனால் இறப்பர்த் தோட்டத்துக்குக் கீழே கிடக்கும் அரை மீற்றர் படியையும், அதாவது பிளவு அசைந்து நிலம் ஒருபுறம் உயர்ந்த விளிம்பையும், காட்டும். தோட்டத்து வடிகானையும் மண்மேட்டையும் பிளவுப்படி என்று எண்ணிவிடுவதே இதில் வழக்கமான பிழை. நடந்துபோய்ப் பார்க்காமல் வரைபடத்தில் ஏற்றக்கூடாது.

பிளவு இன்றும் அசைகிறதா என்பதை அதிர்வுமானி வலைதான் சொல்லும். 5 கிலோமீற்றர் ஆழத்து அதிர்வுக்கு, ஒரு கருவியாவது ஏறக்குறைய அதே தூரத்துக்குள் இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் ஆழம் வெறும் ஊகம். கருவிக்கு நேரம் தரும் ஜிபிஎஸ் அன்டெனாவை இலை மூடி மணிக்கூடு 0.1 செக்கன் பிசகினால், அந்தக் கருவிக்கான தூரம் அரைக் கிலோமீற்றருக்கு மேல் தவறும். கல்லுடைக்கும் வெடியையும் கழிக்கவேண்டும்: அது பகலில், ஏறக்குறைய ஒரே நேரத்தில் வரும்; எல்லாக் கருவியிலும் முதல் அசைவு மேல்நோக்கியே இருக்கும். நகருக்குள் வாகன இரைச்சல் சின்ன அதிர்வுகளை விழுங்கிவிடும் என்பதால், வெளியே கரும்பாறைமேல் வையுங்கள்.

வயதைச் சொல்வது அகழி மட்டுமே. படிக்குக் குறுக்கே மூன்று மீற்றர் ஆழம் வெட்டி, சுவருக்கு முட்டுக்கொடுத்து, சுரண்டித் துப்புரவாக்கி, ஒரு மீற்றர் நூற்கட்டம் கட்டி வரையவேண்டும். அறுந்த கடைசிப் படைக்கும் அதை மூடிய அறாத முதற்படைக்கும் இடையில்தான் அந்த நிலநடுக்கம் நடந்தது. இங்கே செம்பூராங்கல் (லேட்டரைட்) பெரும் இடைஞ்சல்: படையே இராது. சேனைப் பயிருக்குக் காடு எரித்த கரி வேர்த்துளை வழியே கீழிறங்கி, பழைய மண்ணுக்கு இளவயது காட்டும். அதனால் கரியோடு நிற்காமல் மணலையும் எடுங்கள்; மணல் கடைசியாக வெளிச்சம் கண்ட காலத்தை ஆய்வுகூடத்தில் அளக்கலாம். இரும்புக் குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் இரு முனையையும் அடைத்துவிடவேண்டும்.

எங்கள் தெரிவு: முதலில் ஒரு வருட அதிர்வுமானிப் பதிவு, அதிர்வு குவியும் இடத்துக்கு மட்டும் லைடார், அங்கே படி தெரிந்தால் அகழி. செய்மதிக் கோட்டை நம்பி நேரே அகழி வெட்டினால், பெரும்பாலும் ஒரு பழைய மூட்டின் மேல்தான் நிற்பீர்கள்.