லீவில் ஊர் வந்தால்: புராஸ்டேட் புற்றுநோயும் குடும்பக் கணக்கும்

ராமநாதபுரம் டவுன் லேபுகளில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதத்தின் அளவு) பார்ப்பது இப்போது பெரிய விஷயமே இல்லை. சுகர், கொழுப்பு, தைராய்டோடு சேர்த்து 'மாஸ்டர் செக்கப்' என்று ஒரே ரத்தத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் இதே டெஸ்ட் துபாயிலும் சிங்கப்பூரிலும் கிடைக்கும். அங்கே கிடைக்காதது, குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், என்ன வந்தது என்பதற்கான காகிதம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் லீவில் வருபவர்கள் முதல் வாரத்தை அதற்கே ஒதுக்குவது நல்லது.

வாப்பாவுக்குப் 'புராஸ்டேட் ஆபரேஷன்' ஆனது என்று வீட்டில் சொன்னால் பெரும்பாலும் அது புற்றுநோயாக இருக்காது. ஆண்களுக்கு மூத்திரப்பையின் கீழே இருக்கும் இந்தச் சுரப்பி வயதானால் வீங்கி மூத்திரம் அடைக்கும், குழாய் வழியாகக் கருவி விட்டுச் சுரண்டி எடுப்பார்கள். அந்த வீக்கத்தைப் புற்றுநோய்க் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆனால் சுரண்டிய துகளில் சிலருக்குப் புற்றுநோயும் அகப்படும், அதனால் பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். பீரோவில் ஜவுளிக்கடைப் பையில் திணித்துவைத்த பழைய பைலில்தான் அது இருக்கும். 'நோடுலர் ஹைப்பர்பிளேசியா' என்று மட்டும் இருந்தால் வீக்கம். 'அடினோகார்சினோமா' என்றும், கூடவே 'கிளீசன் 4+3=7' போல ஒரு கூட்டலும் இருந்தால் புற்றுநோய். ரிப்போர்ட் தொலைந்துபோயிருந்தால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட்டார்களா, விதைகளை எடுத்தார்களா, கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்களா என்று கேளுங்கள், இவை புற்றுநோய்க்குச் செய்பவை. ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியின் ரெக்கார்ட் பிரிவில் ஐபி (உள்நோயாளி) நம்பரும் வருஷமும் சொன்னால்தான் தேடுவார்கள். நோயாளியின் கையெழுத்திட்ட கடிதமும் ஆதார் நகலும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது மூன்று தலைமுறைக் கொடிவழி. மாமா, சாச்சா என்று கூப்பிடும் முறையை அப்படியே எழுதினால் குழப்பம்தான். உடன்பிறந்தவரா, ஒன்றுவிட்டவரா, கட்டிக்கொடுத்த வழியா என்று பிரித்துக் குறியுங்கள். சொந்தத்திலேயே கட்டிய வீடுகளில் ஒரே பெரியவர் இரண்டு பக்கமும் வருவார், அவரை இரண்டு பேராக எண்ணிவிடக் கூடாது. உம்மா வழியை விடவே கூடாது. பிஆர்சிஏ2 என்ற மரபணுவில் கோளாறு இருந்தால் ஆணுக்குப் புராஸ்டேட்டிலும் பெண்ணுக்கு மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும், கணையத்திலும் வரலாம். பெண்களுக்கு வந்ததை ஆண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். லாத்தாவோ மாமியோ உள்ளே போய்க் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும்.

தகப்பனுக்கு இருந்தால் மகனுக்கான ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. கூடப்பிறந்தவருக்கு இருந்தால் இன்னும் சற்றுக் கூடுதல், நெருங்கிய ரத்த உறவில் இரண்டு மூன்று பேர் என்றால் நாலைந்து மடங்கு. 65 வயதுக்குள் வந்ததற்குக் கனம் அதிகம். 80 வயதில் தற்செயலாகத் தெரிந்ததற்குக் குறைவு. குடும்பத்தில் இருந்தால் 45 வயதிலும், பிஆர்சிஏ2 உறுதியானவர்கள் 40-லும் பிஎஸ்ஏ தொடங்கலாம்.

மரபணு டெஸ்ட் என்றதும் வெளிநாட்டிலிருந்து வந்தவர் தன் கையைத்தான் நீட்டுகிறார். முதலில் கொடுக்க வேண்டியது நோய் வந்த பெரியவரின் ரத்தம். அவரிடம் கோளாறு அகப்பட்டால் மற்றவர்கள் அந்த ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளலாம், செலவும் குறையும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி, மகள்களுக்கும்தான். பெரியவரின் ரத்தத்தைச் சோதிக்காமல் உங்களுக்கு மட்டும் 'இல்லை' என்று வந்தால் அதை வைத்து நிம்மதி அடைய முடியாது. நோய் உடம்பில் பரவியவர்களில் 100-க்குச் சுமார் 12 பேரிடம் இப்படிப் பரம்பரைக் கோளாறு தெரிகிறது. ஒலாபாரிப் போன்ற புற்றுநோய் மாத்திரை அவர்களில் சிலருக்கே பயன்படும் என்பதால் பெரியவருக்கும் அந்த ரிசல்ட் தேவை. ஊதாமூடி ஈடிடிஏ குழாயில் சில மில்லி ரத்தம் போதும். ரிசல்ட்டுக்கு மூன்று நாலு வாரம் ஆகும், அதனால் வந்த வாரமே கொடுத்துவிடுங்கள். படிவத்தில் 'ஜெர்ம்லைன்' (பரம்பரையாக வந்த மாற்றம்) என்று இருக்கிறதா பாருங்கள். கட்டியை மட்டும் சோதிக்கும் டெஸ்ட் வேறு. 'விஉஎஸ்' (VUS) என்று வந்தால் அர்த்தம் தெரியாத மாற்றம், அதை நம்பி யாரும் எதையும் செய்யக் கூடாது. நம் ஆட்களின் மரபணுத் தகவல் உலகத் தரவுகளில் குறைவு என்பதால் இந்த விஉஎஸ் நமக்கு அடிக்கடி வருகிறது.

பிஎஸ்ஏவுக்கு வெறும் வயிறு வேண்டாம். இரண்டு நாள் முன்பிருந்து தாம்பத்தியமும் நீண்ட சைக்கிள் ஓட்டமும் தவிர்க்கவும். மூத்திரக் கடுப்பும் காய்ச்சலும் வந்திருந்தால் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத்தான் பிஎஸ்ஏ எண்ணை நம்பலாம். புராஸ்டேட் வீக்கத்துக்குக் கொடுக்கும் டூடாஸ்டரைடு, ஃபினாஸ்டரைடு சில மாதம் சாப்பிட்டால் எண் ஏறத்தாழ பாதியாகிவிடும். முடி கொட்டுவதற்கு இளவட்டங்கள் போடும் 1 மி.கி. ஃபினாஸ்டரைடு மாத்திரையும் அப்படித்தான், லேபில் அதைக் கேட்பதே இல்லை. ரிப்போர்ட் 4 வரை நார்மல் என்று அச்சடிக்கும். 45 வயதுக்காரருக்கு 3 வந்தால் அது சும்மா விடக்கூடிய எண் அல்ல.

எண் கூடியிருந்தால் சில வாரம் விட்டு அதே லேபில் மறுபடி, பிறகு யூரோலஜிஸ்ட், அதன்பின் எம்ஆர்ஐ. அதற்கு மதுரை போவதானால் 100 கிலோமீட்டருக்கும் மேல், காலை அப்பாயிண்ட்மென்ட் என்றால் விடிகாலையிலேயே கிளம்ப வேண்டும். கான்ட்ராஸ்ட் ஊசிக்காகக் கிரியாட்டினின் (சிறுநீரக ரத்த டெஸ்ட்) கேட்பார்கள், அதை ராமநாதபுரத்திலேயே பார்த்துக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சம். எம்ஆர்ஐ முதலில், பயாப்ஸி பிறகு. மாற்றிச் செய்தால் ரத்தக்கசிவு படத்தைக் கெடுத்துவிடும், மறுபடி எடுக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபிளைட்டுக்கு முந்தின வாரம் பயாப்ஸி வைத்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சலோ மூத்திர அடைப்போ வந்தால் முதல் சில நாளில்தான் வரும், ரிசல்ட்டுக்கும் நாளாகும். கிளம்பும்போது ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் கேட்டு வாங்குங்கள். எம்ஆர்ஐ சிடியில் வெறும் ஜேபெக் படம்தான் போட்டிருக்கிறார்களா, டாக்டர்கள் கம்ப்யூட்டரில் முழுதாகத் திறந்து பார்க்கும் டைகாம் ஃபைல் இருக்கிறதா என்பதைக் கவுன்ட்டரிலேயே திறந்து பார்த்துவிடுங்கள்.