முதுகுவலி ஊசிக்குப் போகிறீர்களா? மருந்தின் பெயரை எழுதி வாங்கிவிட்டுப் படுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் முதுகுவலிக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘ஆபரேஷன் இல்லாமல் டிஸ்க் சரியாகும், ஊசி போட்ட கையோடு நடந்து வீட்டுக்குப் போகலாம்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய விளம்பரத்தைப் பார்த்துத்தான் அம்மாவைத் தர்மபுரியில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். கிளினிக் பெயரை இங்கே போடவில்லை. மனு கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும்.

அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் குனிந்தே பாதி ஆயுள் போனது. வருஷக்கணக்கில் இடுப்புவலி. கால் வரைக்கும் இழுக்கிற வலி கிடையாது, கால் மரத்துப்போவதும் கிடையாது. சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருந்தது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

டாக்டர் எம்ஆர்ஐ பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. “எல் ஃபோர், எல் ஃபைவ் டிஸ்க் பிதுங்கி நரம்பை அமுக்குது. இப்படியே விட்டா படுத்த படுக்கைதான்” என்றார். அதைக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இடுப்புப் பகுதியின் நாலாவது, ஐந்தாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்கைத்தான் அவர் அப்படிச் சொன்னார். வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்தாலும் டிஸ்க் பிதுங்கல் தெரியும், 80 வயதில் நூற்றுக்கு 84 பேருக்கு அது இருக்கிறது என்று 2015இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. இதையெல்லாம் அந்த அறையில் யார் சொல்லப் போகிறார்கள்?

“ஸ்டீராய்டுங்களா சார்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் அந்தக் காலம். இது நியூரோ ஊசி, வெளிநாட்டு மருந்து. காஞ்சுபோன டிஸ்க்கை ஊற வைக்கும்.”

“அம்மாவுக்கு சுகர் இருக்குதுங்க.”

“ஒண்ணும் பண்ணாது.”

திரை போட்ட ஒரு கட்டிலில் அம்மாவைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னாலும் திரை பாதிதான் மூடியிருந்தது. எக்ஸ்ரே மாதிரி படம் காட்டுகிற எந்த மெஷினும் அங்கே இல்லை. டாக்டர் கட்டைவிரலால் முதுகைத் தடவிப் பார்த்து ஓர் இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தார். சிஸ்டர் சின்ன மருந்து பாட்டில் ஒன்றை எடுத்து நன்றாகக் குலுக்கி சிரிஞ்சில் ஏற்றினார். லேபிள் இருந்த இடத்தில் கிழித்த பசைத் தடம் மட்டும் இருந்தது. மருந்து தண்ணீர் கலந்த பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. இன்னொரு பாட்டிலிலிருந்து நிறமில்லாத மருந்தும் அதோடு சேர்ந்தது.

அரைமணி நேரத்தில் அம்மா எழுந்து நின்றார். “வலியே இல்ல கண்ணு” என்று வராண்டாவில் ஒரு நடை நடந்தும் காட்டினார். வியாபாரமே அந்த நேரத்தில்தான் நடக்கிறது. கவுண்டரில் இருந்த பையன், “பாத்தீங்களா, ஒரு ஊசிக்கே இப்படி. மூணு போட்டாத்தான் நிக்கும். பேக்கேஜா கட்டிட்டா குறைச்சலுங்க” என்றான். முதல் ஊசிக்கு 6,500 ரூபாய் ஏற்கெனவே கேஷாகக் கொடுத்தாயிற்று. அடுத்த இரண்டுக்கு 12,000. அதை யாரோ ஒருவரின் சொந்த ஜிபே நம்பருக்கு அனுப்பச் சொன்னான். ரசீது என்று கொடுத்தது ஒரு துண்டுச்சீட்டு. ‘அட்வான்ஸ் 12,000’ என்று பேனாவில் எழுதியிருந்தது. கிளினிக் பெயர் இல்லை, மருந்தின் பெயர் இல்லை, கையெழுத்தும் இல்லை.

அம்மா நடந்து காட்டிய அந்த நடை மரத்துப்போகிற மருந்தின் வேலை. முதுகில் போடுகிற இந்த மாதிரி ஊசிகளில் லிக்னோகைன் போன்ற மரப்பு மருந்தைச் சேர்ப்பார்கள். அது சில மணி நேரத்தில் இறங்கிவிடும். கூடவே போகிற ஸ்டீராய்டு வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும், சிலருக்கு வேலையே செய்யாது. ஆக, ஊசி போட்ட அரைமணியில் வலி போனதை வைத்து ஊசி பலித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. பேக்கேஜுக்குக் காசு வாங்க அதைவிட நல்ல நேரமும் கிடையாது.

ராத்திரியே வலி திரும்பிவிட்டது. அப்புறம் ஆரம்பித்தது தாகம். அம்மா சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார், பாத்ரூமுக்குப் போய்க்கொண்டே இருந்தார், தலை சுற்றுகிறது என்றார். பக்கத்து வீட்டு மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் சர்க்கரை 400ஐத் தாண்டி நிற்கிறது. கிளினிக்குக்குப் போன் போட்டால், “ஸ்வீட் ஏதாவது சாப்பிட்டிருப்பாங்க, பயப்படாதீங்க, அடுத்த ஊசிக்கு வாங்க” என்கிறான் அதே பையன்.

அரசு மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் முதலில் கேட்டது, “என்ன ஊசி போட்டாங்க?” எங்களிடம் பதில் இல்லை. துண்டுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பால் மாதிரி வெள்ளையாக இருந்தது, குலுக்கிப் போட்டார்கள் என்று நான் சொன்ன பிறகுதான், “அப்ப ஸ்டீராய்டாத்தான் இருக்கும்” என்றார். டிரையாம்சினோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன் போன்றவை அப்படித்தான் இருக்குமாம். ஸ்டீராய்டு போனால் கல்லீரல் அதிகமாகச் சர்க்கரையை விடும், இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. சர்க்கரை நோயாளிக்கு இது நாள்கணக்கில் நீடிக்கும். முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரையை மாற்றிக்கொடுத்துச் சமாளிக்கலாம். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மாவை அங்கேயே சேர்த்து, சர்க்கரையை இன்சுலினில் இறக்கித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊசி முதுகெலும்பு இடுக்கில் போனதா, வெறும் சதையில் நின்றதா என்பது அந்த டாக்டருக்கும் தெரியவில்லை, இன்றுவரை எங்களுக்கும் தெரியாது.

இந்த ஊசியே மோசடி என்று நான் சொல்லவில்லை. டிஸ்க் நரம்பை அழுத்திக் காலில் மின்னல் மாதிரி இழுக்கிற வலிக்கு, முறைப்படி சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே மெஷினில் ஊசியின் நுனியைப் பார்த்துப் போடுகிறார்கள். சிலருக்குச் சில வாரம், சில மாதம் வலி குறைகிறது. ‘நிரந்தரத் தீர்வு’ என்று போர்டு வைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. முதுகெலும்புக்குள் நரம்புகளைச் சுற்றியுள்ள எபிடூரல் என்ற இடத்தில் ஸ்டீராய்டு போடுவதால் அபூர்வமாகப் பார்வை போவது, பக்கவாதம் வரை நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014 ஏப்ரலில் எச்சரித்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட முதுகுவலிக்கு இந்த வகை ஊசிகள் வேண்டாம் என்றே சொல்கிறது; புற்றுநோய் வலியும் அழற்சி மூட்டுநோயும் அதில் சேராது. வலி சிகிச்சை நிபுணர்கள் பலர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சண்டையை அவர்கள் போடட்டும். கால் வலியே இல்லாத, சர்க்கரை உள்ள பெண்ணுக்கு, படம் பார்க்காமல், பெயர் சொல்லாமல் ஸ்டீராய்டு போடலாம் என்று எனக்குத் தெரிந்து இரண்டு தரப்பிலும் யாரும் சொல்லவில்லை.

படுப்பதற்கு முன்னாடி மருந்தின் பெயரையும் அளவையும் லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பாட்டிலின் லேபிளைப் போட்டோ எடுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சர்க்கரை இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ அந்த மாத்திரையைத் தருகிற டாக்டரிடமும் கேட்காமல் ஊசிக்குப் போகாதீர்கள். ஊசிக்கு அப்புறம் கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, காய்ச்சலோடு முதுகுவலி ஏறினாலோ, கிளினிக்குக்குப் போன் போட்டுக்கொண்டு உட்காராமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். “பேக்கேஜ்ல ரிட்டர்ன் கிடையாது, வேணும்னா உங்க வீட்டுல வேற யாருக்காவது போட்டுக்கோங்க” என்றான் பையன். ஊசியைப் பஸ் பாஸ் மாதிரி மாற்றிக்கொடுக்கலாம் போலிருக்கிறது!

சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டு எழுத்தில் கொடுத்தோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி சொல்கிறது. ஒரு தாளும் வரவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பியதால் கடிதம் கிடைத்ததற்கு அத்தாட்சி மட்டும் கையில் இருக்கிறது. கிளினிக்குகளைப் பதிவு செய்வது மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். அங்கே மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியாயிற்று. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கிச் செய்கிற மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை.

கேஷாகக் கொடுத்த 6,500க்கு எங்களிடம் அத்தாட்சி கிடையாது. ஜிபேயில் போன 12,000க்கு உண்டு. இதே மாதிரி துண்டுச்சீட்டு உங்கள் வீட்டிலும் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் ஒரு மனு கொடுங்கள்.