டாங்க்: குஜராத்தி வேரா, போர்த்துக்கேய வேரா?

இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதியிலுள்ள இரணைமடுக் குளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குளம் ஆகிய அனைத்தும் ஆங்கில வரைபடங்களில் 'டாங்க்' என்றே குறிக்கப்படுகின்றன. மன்னாரின் கட்டுக்கரைக் குளத்துக்கோ 'ஜயன்ட்ஸ் டாங்க்' என்று பெயர். இச்சொல்லின் பிறப்பிடம் பற்றி இரண்டு கருத்துகள் உள்ளன.

குஜராத்தியிலும் மராத்தியிலும் நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொல்லே ஆங்கிலத்துக்குச் சென்றது என்பது முதலாவது கருத்து. 1613இல் சூரத்தில் வணிக நிலையம் அமைத்த ஆங்கிலேயர் அங்கு வழங்கிய சொல்லை எடுத்தாண்டிருப்பார்கள் என்பது இயல்பானதே. மற்றக் கருத்து, நீரோட்டத்தைத் தடுத்து நிறுத்துதல் என்னும் பொருளுள்ள போர்த்துக்கேய வினையிலிருந்து பிறந்த 'டாங்க்கே' என்ற சொல்லை மூலமாகக் கொள்கிறது. போர்த்துக்கேயர் 1498இலேயே இந்தியக் கரையை அடைந்துவிட்டனர்.

பொருளை மட்டும் நோக்கினால், வன்னிக்குப் போர்த்துக்கேய வேரே நெருக்கமானது எனக் கருதுகிறேன். ஏனெனில், நிலத்தைத் தோண்டிக் கட்டிய தொட்டியைப் போலன்றி, கனகராயன் ஆற்றை அணைக்கட்டால் மறித்து உருவாக்கப்பட்டதே இரணைமடு. ஆயினும், சொல் பயணித்த வழியை நோக்கும்போது குஜராத்திச் சான்றைப் புறந்தள்ள முடியாது. ஒலியிலும் பொருளிலும் ஒத்த இரு சொற்களும் ஆங்கிலத்தில் ஒன்றாகக் கலந்தன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. (வீட்டு நீர்த்தொட்டியை நாம் 'தாங்கி' என்பது, தாங்குதல் என்னும் தமிழ் வினையோடும் அழகாக இசைகிறது.)

போர் ஊர்தி என்ற பொருள் மிகப் பிந்தியது. 1915இல் பிரித்தானியர் தமது புதிய கவச ஊர்தியை மறைப்பதற்காக, அதை நீர்த்தொட்டி என்று காட்டும் வகையில் அப்பெயரைச் சூட்டினர். 1916 செப்டெம்பர் 15இல் அது பிரான்சின் சொம் போர்க்களத்தில் முதன்முதலாக இறங்கியது.